மாடி வீட்டு மீட்டர்

ஏப்ரல் 3

கண்டுபிடித்துவிட்டேன். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து, சாக்பீஸ் தூளை விழுங்கியே காலத்தை ஓட்டிவிட்டான் இந்த ஆறுமுகநயினார் என்று ஒரு பயலும் இனிப் பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் மாவட்டத்தின் பதினைந்து வருட மின்செலவை எடுத்தேன். வீட்டு இணைப்புகள் எத்தனை என்று எடுத்தேன். முன்னதைப் பின்னதால் வகுத்தேன். ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடு இல்லை, வாஷிங் மெஷின் இல்லாத வீடு இல்லை, ஏ.சி. பெட்டி தொங்காத சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் ஒரு வீட்டுக்கு ஆகும் சராசரி மின்செலவு ஏறவில்லை. இறங்கியிருக்கிறது! வளரும் நாடுகள் எல்லாம் கரண்டைக் குடித்துத் தீர்க்கின்றன என்று உலகமே புலம்பிக்கொண்டிருக்க, இங்கே ஜனங்கள் வசதியைப் பெருக்கிக்கொண்டே செலவைக் குறைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் அந்தக் கோடு இறங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்கு ‘நயினார் வளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். டெல்லியில் மே மாதம் கருத்தரங்கம். ‘வளரும் நாடுகளின் எரிசக்தி நுகர்வும் நீடித்த வளர்ச்சியும்.’ கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிவிட்டேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி வடிவிடம் சொன்னேன். அவள் பி.எஸ்ஸி. வேதியியல், சொன்னால் விளங்கும்.

“அது எப்படிங்க? எல்லா வீட்லயும் எல்லாம் ஓடிக்கிட்டுதானெ இருக்கு?” என்றாள்.

“அதுதான் பண்பாடு. சிக்கனம் நம்ம ரத்தத்துல ஊறினது.”

“அப்ப ஊறினது போதும். அந்த ஃபேன மூணுல வைங்க, வேக்குது.”

இரண்டில் வைத்தேன். இரண்டே தாராளம்.

ஏப்ரல் 6

கட்டுரையில் பண்பாட்டுக்கு என்றே ஒரு மாறியைச் சேர்த்திருக்கிறேன். சிக்கனமான ஊர் என்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி. எது சிக்கனமான ஊர் என்பதை நானே முடிவுசெய்தேன், ஊரை எனக்குத் தெரியாதா? கணக்கு அவ்வளவு பொருத்தமாக வருகிறது, எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் ஒழுங்கு வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் சட்டம் உண்டு. மிக்ஸி காலையில் ஒரே தடவை, சட்னியோ பொடியோ எல்லாம் அப்போதே அரைத்தாக வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஃபிரிட்ஜை அணைப்பேன், காலையில் போடுவேன். பால் திரிந்ததாக வடிவு சில தடவை சொன்னாள். பாலின் தரம் அப்படி.

மீட்டரில் தினமும் குறிப்பெடுக்கிறேன். போன வருடம் மட்டும் கணக்கு ஓடிப்போய்விட்டது. அப்போது வடிவுக்கு மாதவிடாய் நிற்கிற சமயம். திடீர் திடீரென்று உடம்பு தீயாக எரிகிறது என்பாள், முந்தானையால் விசிறிக்கொண்டே எழுந்துபோய் ஏ.சி.யைப் போடுவாள், நான் அணைப்பேன். அந்த மாதங்களை விலகிய புள்ளிகள் என்று வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது கோடு நேராக இருக்கிறது.

ஏப்ரல் 11

சனியன் பிடித்த செய்தி. ஒரே வீட்டில் இரண்டு மின் இணைப்பு வைத்திருக்கிறவர்களை ஈ.பி.யிலிருந்து வந்து பார்க்கப்போகிறார்களாம். இரண்டாவது இணைப்பில் தனிக் குடும்பம் இருக்க வேண்டும், தனிச் சமையலறை இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

எங்களுக்கும் இரண்டு மீட்டர். மாடி கட்டியபோது வாங்கியது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒவ்வோர் இணைப்புக்கும் முதல் நூறு யூனிட் இலவசம், அதற்குமேல் போகப்போக விலை ஏறும். ஒரு மீட்டரில் எல்லாம் ஓடினால் மேல்படியில் கொண்டுபோய் உட்கார்த்திவிடும். ஆகவே மாடிக்கு வடிவு பேரில் ஒரு மீட்டர். அவள் தனிக் குடும்பம் என்று எழுதிக்கொடுத்தேன், அவளும் கையெழுத்துப் போட்டாள். மாடியில் யாரும் இல்லை. மாடி அறை ஏ.சி.யும், ஒயர் இழுத்துக் கீழே போட்டிருக்கிற வாஷிங் மெஷினும் மட்டும் அந்த மீட்டரில் ஓடும். தெருவில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். பக்கத்து வீட்டு எபனேசர் எங்கள் கல்லூரியிலேயே இயற்பியல் எடுக்கிறவன், அவன் வீட்டில் மூன்று. நாய்க்கு ஒன்று என்று நான் கேலி செய்வதுண்டு.

ஏப்ரல் 13

வடிவிடம் பதமாகச் சொன்னேன். “ரெண்டே நாள். மாடியில ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு பாய். கேட்டா, நீ தனிக் குடும்பம்னு சொல்லணும்.”

“புருஷன் கீழ இருக்கும்போது நான் மேல தனிக் குடும்பமா? கேக்கவன் சிரிக்க மாட்டானா?”

“மனஸ்தாபம்னு சொல்லு. ஊர்ல இல்லாததா?”

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை. “சரி, போறேன்,” என்றாள். சமர்த்து. மளமளவென்று கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாலு பாத்திரம் என்றேன், பத்துப் பன்னிரண்டு கொண்டுபோனாள். கிரைண்டர் எதற்கு என்று தெரியவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றாள். அவளுடைய நிர்வாகத் திறமையை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. விடுமுறை, அதனால் ஆய்வு இல்லை. வடிவு மாடியில் சமைத்து, இலையை மூடிக் கீழே கொண்டுவந்து வைத்தாள். மாங்காய்ப் பச்சடி அருமை. அவள் மேலே போய்ச் சாப்பிட்டாள். ஒத்திகை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17

ஆய்வுக்கு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 21

இன்னும் வரவில்லை. அரசாங்கக் காரியம், வருகிறபோதுதான் வரும். யாராவது திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது என்று வடிவு மேலேயே இருக்கிறாள். இலை வருவது நின்றுவிட்டது. நேற்று இருந்த உப்புமா இன்றைக்கும் இருந்தது.

மாடி மீட்டரைப் பார்க்கப் போனேன். அடேயப்பா! சக்கரமாக ஓடுகிறது. ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, ஏ.சி. ஓடுகிறது, ரேடியோவில் யாரோ பாடுகிறார்கள், சாயங்காலம் நான்கு மணிக்கு மிக்ஸி! “என்ன அரைக்கே?” என்று படியில் நின்றபடியே சத்தம் போட்டேன்.

“தேங்காச் சட்னி.”

“காலையில அரைச்சா என்ன?”

“இப்பதான் ஆசையா இருந்துச்சு,” என்றாள்.

கீழே வந்து குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். எழுத ஓடவில்லை. கீழ் மீட்டர் நகர்வதே இல்லை, அது நல்ல விஷயம்.

ஏப்ரல் 26

எபனேசர் வந்திருந்தான். கட்டுரையைப் படிக்கக் கொடுத்திருந்தேன். ஆள் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

“அண்ணாச்சி, வீட்டுக்குச் சராசரின்னு எழுதியிருக்கிய. வீட்டால வகுக்கலியே நீங்க? மீட்டரால வகுத்திருக்கிய.”

“ஒரு மீட்டர் ஒரு குடும்பம்தான வே.”

“அப்படியா? எங்க வீட்ல மூணு மீட்டர். எனக்கு எத்தன பொண்டாட்டி?”

எனக்குச் சுரீர் என்றது. அவன் விடவில்லை. “ஜனங்க சிக்கனம் ஆகல அண்ணாச்சி. மீட்டர ரெண்டாக்கியிருக்கான். செலவு அப்படியே இருக்கு, வகுக்கிற நம்பர் பெருத்துப்போச்சு, சராசரி இறங்கிருச்சு. இதுக்குப் போயி பண்பாடுன்னு ஒரு பத்தி!”

இயற்பியல்காரர்களுக்கு எப்போதுமே எங்கள் துறைமேல் ஒரு காய்ச்சல். அவன் சொன்னது ஒரு சாத்தியக்கூறுதான், நிரூபணம் இல்லை. ஒரு தெருவை வைத்து மாவட்டத்தைப் பேசக் கூடாது. கருத்தரங்கத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அங்கவஸ்திரம்கூடச் சலவைக்குக் கொடுத்தாகிவிட்டது.

அவன் போனபின் மாடியைப் பார்த்தேன். வடிவு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

“உங்க கணக்குல நாம ரெண்டு குடும்பம்லா?” என்றாள்.

“அது சும்மா கணக்குக்கு, வடிவு.”

“ஆமா, கணக்குக்குத்தான்,” என்று உள்ளே போய்விட்டாள்.

மே 3, டெல்லி

நீடித்த வளர்ச்சி அரங்கத்தில் போட்டிருந்த ஏ.சி.யில் பல் தந்தியடித்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே வந்தவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தியதும் அதைக் கழற்றவே இல்லை. மரியாதைக்கு என்று நினைத்திருப்பார்கள்.

நயினார் வளைவுக்குக் கைதட்டல் ஓயவில்லை. ‘தெற்கின் சிக்கன மாதிரி’ என்று ஒரு பெரியவர் மேடையிலேயே பாராட்டினார். சிறந்த கட்டுரை என்று விருது. அவர்களுடைய ஆய்விதழிலும் போடப்போகிறார்கள். கென்யாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் மட்டும் எழுந்து, “ஓர் இணைப்பில் எத்தனை குடும்பம், ஒரு குடும்பத்துக்கு எத்தனை இணைப்பு, நேரில் போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள். “எங்கள் நாட்டுக் குடும்ப அமைப்பு மிக உறுதியானது” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

விருதைப் படம் எடுத்து வடிவுக்கு அனுப்பினேன். கும்பிடு போடுகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினாள். எபனேசரும் அதே பொம்மையைத்தான் அனுப்பியிருந்தான்.

மே 6

ஊர் வந்தாயிற்று. கீழ்வீடு பூட்டியிருந்தது. சாவியை வடிவு மாடியிலிருந்து கூடையில் கட்டி இறக்கினாள். பயணம் சௌகரியமா என்று கேட்டாள், சௌகரியம் என்றேன். வீட்டுக்குள் ஒரே புழுக்க வாடை. விருதை எங்கே வைப்பது என்று கேட்க ஆள் இல்லை. டி.வி. மேல் வைத்தேன்.

ஓசூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன். அம்மா தன்னோடு தினமும் பேசுகிறாளாம். “ரொம்ப வருஷம் கழிச்சு அம்மா குரல்ல ஒரு தெம்பு இருக்குப்பா, விட்டுருங்க,” என்கிறாள். எதை விடுவது? ஆய்வு வரும்வரைதானே!

மே 7

நாள் முழுக்க மின்தடை. ஒரு புள்ளிவிவரமும் இல்லை.

மே 12

ஒருவழியாக வந்தார்கள். என்ன கூத்து, என்ன கூத்து! தெரு வாழ்நாளுக்கும் மறக்காது.

ஆய்வுக்கு வந்தது ஓர் இளம் பொறியாளர்ப் பெண், கூட ஓர் ஊழியர். தெருமுனையில் ஜீப் வந்ததுமே எபனேசர் மொட்டைமாடியில் ஏறிவிட்டான். இவ்வளவு நாள் பேசிவைத்தும் ஒருத்தனும் மாடியில் அடுப்பு வாங்கி வைக்கவில்லை. முதல் வீட்டுக்காரர் ஒருவர்தான் வைத்திருந்தார். இரண்டு கண் உள்ள காஸ் அடுப்பு, முகப்பில் முருகன் படம் ஒட்டியது. பொறியாளர் முதல் வீட்டு மாடிச் சமையலறையைப் பார்த்துக் கீழே இறங்குவதற்குள், அந்த அடுப்பு கைப்பிடிச் சுவர் தாண்டி இரண்டாவது வீட்டுக்குப் போய்விட்டது. பின்னாலேயே ஒரு குக்கர், ஒரு தோசைக்கல், அரைகுறையாக நறுக்கிய கத்திரிக்காய். அங்கே பார்த்துவிட்டு இறங்கினால் மூன்றாவது வீடு. எபனேசர் மூச்சு வாங்க வாங்கச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவர் ஏறினான். பொம்பளைகள் எல்லாம் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கைமாற்றிக் கைமாற்றி விடுகிறார்கள். எல்லா வீட்டிலும் மாடியில் தனிக் குடும்பம், எல்லாக் குடும்பமும் முருக பக்தர்கள், எல்லாருக்கும் மத்தியானம் கத்திரிக்காய்க் கூட்டு.

எங்கள் முறை வந்தது. நான் ஓடி மாடி ஏறினேன். கைப்பிடிச் சுவரில் எபனேசர் அடுப்போடு நின்றான். “எக்கா, பிடிங்க, பிடிங்க!”

“வேண்டாம் தம்பி,” என்றாள் வடிவு. “இங்கன அடுப்பு வேலையா இருக்கு.”

எட்டிப் பார்த்தேன். வெண்கல உருளியில் பருப்பு கொதிக்கிறது. ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறாள். கறிவேப்பிலையைத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறாள். சுவரில் புது நாட்காட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் நாலைந்து பள்ளிக்கூடப் பெஞ்சு. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் மீட்டரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பொறியாளர் ஏறி வந்தார். அடுப்பைப் பார்த்தார், உப்புச் சாடியைத் திறந்து பார்த்தார், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். “தனியாத்தான் இருக்கீங்களாம்மா?”

“ஆமாம்மா. தனிக் குடும்பம்தான்.” கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என்னா நடிப்பு!

“கீழ இருக்கிறவரு?”

“தெரிஞ்சவருதான்,” என்றாள்.

பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, படி இறங்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: “சார், அந்த முருகன் அடுப்ப ஏழு வீட்ல பாத்துட்டேன். எல்லா வீட்டையும் ஒரே மீட்டராக்கச் சொல்லி எழுதியாச்சு. இந்தத் தெருவுலயே நெசமா ரெண்டு குடும்பம் இருக்கிறது உங்க வீட்ல மட்டும்தான்.”

எனக்கு ஒரே பெருமை. ஊரே மாட்டிக்கொண்டது, நான் தப்பித்தேன். எபனேசர் திண்டாடிப் போனான். இரண்டு மீட்டரும் நிலைத்துவிட்டன.

மே 13

ஆய்வு முடிந்துவிட்டது என்று வடிவுக்கு நினைவூட்டினேன். “தெரியும்,” என்றாள். சாமான்களை இறக்க ஆள் கூப்பிடட்டுமா என்றேன். “எதுக்கு?” என்றாள்.

களைத்திருப்பாள்.

மே 14

இறங்கவில்லை.

மே 16

டெல்லி ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல். கட்டுரை பிரமாதமாம். அச்சுக்கு முன் ஒரே ஒரு சந்தேகமாம். ஓர் இணைப்பு என்பது ஒரு குடும்பம்தானா? நாலைந்து வீட்டிலாவது நேரில் சோதித்து எழுத வேண்டுமாம். அந்தக் கென்யாப் பெண் வேலையாகத்தான் இருக்கும்.

நாலைந்து எதற்கு? தெருவையே சோதித்தாகிவிட்டது. முருகன் அடுப்பு கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டது. என் வளைவு இறங்கியதற்குச் சிக்கனம் காரணமில்லை, எங்கள் புளுகுதான் காரணம். பண்பாட்டு மாறி என்று நான் பெயர் வைத்தது அதற்குத்தான். ஒரு வீட்டில் மட்டும் கணக்கு சுத்தமாகப் பொருந்துகிறது. இணைப்பு இரண்டு, குடும்பம் இரண்டு. அதை எழுதி அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

வயிறு சரியில்லை. ஓட்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை. வடிவு மேலே நடக்கிற சத்தம் கேட்கிறது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் வேண்டும் எனக்கு. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மே 18

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினேன். விருதையும் திருப்பித் தந்துவிடுவதாக எழுதினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது: இதைச் சொன்னால் வடிவு இறங்கிவிடுவாள்.

சட்டை மாற்றிக்கொண்டு மாடி ஏறினேன். டியூஷன் பிள்ளைகள் அப்போதுதான் போயிருந்தார்கள். கதவைத் தட்டினேன்.

“யாரு?”

என் வீட்டு மாடியில் நின்றுகொண்டு இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. “நான்தான்,” என்றேன்.

திறந்தாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. முகத்தில் எண்ணெய் வழியவில்லை, நன்றாகத் தூங்குகிற முகம். எத்தனை வருடமாக அவள் தூங்கவில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றதைச் சொன்னேன்.

“நல்ல காரியம் செஞ்சிய,” என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

“அப்ப கீழ வாயேன், வடிவு.”

“எதுக்கு?”

கேட்டது கோபமாக இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “ஃபேன அஞ்சுல வச்சுக்கலாம்,” என்றேன்.

“இங்கன அஞ்சுலதான் ஓடுது,” என்றாள்.

வாசலைவிட்டு நகராமல் நின்றேன். அவளேதான் கேட்டாள், “வேற ஏதும் வேணுமா?”

“பால் காய்ச்சியிருக்கேன். கொஞ்சம் உறைமோர் இருந்தா...”

உள்ளே போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். “டம்ளர நாளைக்குத் தந்துருங்க,” என்றாள். எபனேசர் வீட்டுக்காரியிடம் சொல்கிற அதே குரல். சிந்தாமல் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் இருட்டாக இருந்தது. அவள் விளக்கைப் போட்டாள். நான் கீழே வந்து கதவைத் திறக்கும்வரை அணைக்காமல் காத்திருந்தாள்.

அந்த விளக்கு ஓடுவது அவள் மீட்டரில்.